குடும்ப நேர மீறல்

திருத்தணியில் வட எல்லை இல்லத் தரவு மையம் என்று ஒரு அமைப்பு இருந்தது. பெண்கள் வீட்டை விட்டு வெளியே போகாமலே சம்பாதிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சம்பாதிப்பதால் அவர்கள் கெட்டுப்போய்விடக் கூடாது என்பது அதன் கவலை. நோக்கத்துக்காக வீட்டுக்கு ஒரு கணினி கொடுத்தார்கள். கவலைக்காக ஒரு விதி செய்தார்கள்: கணினி மாலை ஆறு மணிக்கு அணைந்துவிட வேண்டும்.

மையத்தின் வாசலில் ஒரு தட்டி உண்டு. அதில் ஒரு பெண் விளக்கேற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் கணினி துணி போர்த்தித் தூங்கும். கணவனும் இரண்டு பிள்ளைகளும் காலித் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். கீழே, 'மாலை ஆறு, மனையின் பேறு' என்று எழுதியிருக்கும். ஆறு மணிக்குப் பிறகும் ஒரு வீட்டில் கணினி ஓடினால் அதற்குப் பெயர் குடும்ப நேர மீறல். மூன்று மீறலானால் கணினியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். ஆறுக்கு முன்னால் அணைத்தால் அது பணி நேர மீறல். அதற்குத் தண்டனை தனி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருந்த பிரபாவதிக்கு அப்படி ஒரு கணினி வந்திருந்தது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்துத் தறிக்காரர்கள் கையால் எழுதிக் கொடுத்த காப்பீட்டு விண்ணப்பங்களைப் பார்த்து அவள் தட்டச்சு செய்ய வேண்டும். வேகமான கை. அந்தக் கையை நம்பித்தான் வீடு ஓடியது. அவள் கணவன் விஜயன் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். எல்லாவற்றையும் ஜனங்கள் போனிலேயே அனுப்ப ஆரம்பித்ததும் கடையை மூடினான். இப்போது சமையல், தண்ணீர் பிடிப்பது, துணி காயப்போடுவது எல்லாம் அவன்தான். தெருவில் மட்டும், "நம்மளுது கம்ப்யூட்டர் வேல" என்று சொல்லி வைத்திருந்தான். பிரபாவதிக்கு அது தெரியும். அவள் மறுத்துப் பேசியதில்லை. விஜயன் அவளுக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவனை அவள் பாவா என்றுதான் கூப்பிட்டாள்.

சில மாதங்கள் கணினி ஒழுங்காக அணைந்தது. பிறகு மையம் ஒரு புதிய ஏற்பாட்டைப் புகுத்தியது. அதன் பிறகு, ஆறு மணிக்கு அணைக்கச் சொன்னால் கணினி அணைவதில்லை. நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றும். ஏழு மணி ஆகும். சில நாள் ஏழரையும் ஆகும். அதன் பிறகு தானாகச் சலித்துப்போய் அணையும்.

விஜயன் தனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தான். பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினான். பாட்டுகளை அழித்தான். டேபிள் ஃபேனைக் கணினிப் பக்கம் திருப்பி வைத்தான்; அவனும் மனைவியும் வியர்த்தார்கள். கடைசியில் மையத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டான்.

"கணினியை அணைத்துவிட்டு மறுபடி அழைக்கவும், சார்," என்றது ஒரு குரல்.

"அணையமாட்டேங்குதுன்னுதாங்க கூப்பிடறேன்."

"புரியுதுங்க சார். அணைஞ்ச பிறகு கூப்பிடுங்க."

"அணைஞ்சிட்டா அப்புறம் நான் ஏங்க கூப்பிடறேன்?"

"அப்ப உங்க பிரச்சினை தீர்ந்ததுன்னு போட்டுக்கிறேன், சார். நன்றி."

பிரபாவதி கன்னத்தில் கை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவா, இதுலயே போட்டிருக்குது பாரு. 'அலுவலரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது'ன்னு. ஆபீஸர் ஓகே சொன்னாதான் அணையும்போல."

"அது சும்மா எழுதியிருப்பாங்க. அணைக்கறதுக்கு யாராவது பர்மிஷன் கேப்பாங்களா?"

மையம் தினமும் கணக்குப் பார்க்காது, எப்போதாவது ஒரு நாள்தான் பார்க்கும். அப்படி ஒரு நாள் முதல் மீறல் அவள் போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. 'அன்புச் சகோதரி, இன்று உங்கள் குடும்பம் உங்களுக்காகக் காத்திருந்தது.' அவள் அதைப் படித்தபோது விஜயன் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தான்.

மையத்துக்கு நேரில் போனார்கள். முகப்பு மேசையில் அலீஷா இருந்தாள். திருத்தணிப் பெண்தான். அவள் அப்பாவுக்கு அரக்கோணம் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லுவாள்.

"மெஷின் நல்லா ஓடும்போது புகார் எடுக்க முடியாதுங்க. அணைஞ்சு கிடந்தாலும் முடியாது. அணைஞ்சுகினு இருக்கும்போது கொண்டாந்தா எடுத்துப்போம்."

"அணைஞ்சுகினு இருக்கும்போது எப்படிம்மா தூக்கிகினு வர்றது?"

"யூபிஎஸ் குடுத்திருக்கோம் இல்லீங்களா? நாளைக்குப் பகல்ல அணைச்சிக்கலாம். ஒரு தடவைக்கு அனுமதி இருக்குது."

நாளைக்கு ஆடிப் பரணி, மலைக்குக் காவடி வரும் நாள் என்பதை மூன்று பேருமே மறந்துபோனார்கள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் பிரபாவதி கணினியை அணைக்கச் சொன்னாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுவரிலிருந்து ஒயரைக் கழற்றினார்கள். யூபிஎஸ் கீச்சென்று கத்தியது. மையம் கொடுத்த இணைய டாங்கிளும் பெட்டியிலேயே மினுக்கிக்கொண்டிருந்தது. பெட்டியையும் யூபிஎஸ்ஸையும் ஒரு பலகையில் சேர்த்துக் கட்டி விஜயன் தோளில் வைத்துக்கொண்டான். திரையைப் பிரபாவதி மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒயர் தொங்கியது. அந்த நீளத்துக்கு மேல் ஒருவர் முன்னே போக முடியாது, பின்தங்கவும் முடியாது.

சந்து முனையில் ஆட்டோ இல்லை. ரோடு முழுக்கக் காவடி. மஞ்சள் வேட்டிகள், பம்பைச் சத்தம், மொட்டைத் தலைகளில் சந்தனம். ஆந்திராவிலிருந்து வந்த பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். அதில் வந்தவர்கள் எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். யூபிஎஸ் ஒரே சீராகக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு போலீஸ்காரர் விஜயனின் தோளையும் பலகையையும் பார்த்தார். தடுப்புக் கயிற்றைத் தூக்கினார்.

"காவடிக்காரங்கோ இப்படி வாங்கோ! வழி விடு, வழி விடு!"

"சார், இது காவடி இல்லீங்க."

"வேண்டுதல்னு வந்துட்டு வெக்கப்படக் கூடாதுப்பா. போ, போ."

கயிற்றுக்குள் போன பிறகு வெளியே வர வழியில்லை. பக்கத்தில் வந்த கூட்டம் அரோகரா சொன்னது. தெலுங்கு பேசிய ஒரு அம்மாள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். எதிர் வீட்டுத் தேசப்பன் மலைக்குப் போகிற மினி பஸ்ஸில் கண்டக்டர். படிக்கட்டில் தொங்கிக்கொண்டே கத்தினான்.

"இன்னா விஜயா, கம்ப்யூட்டருக்கு மொட்ட போடப் போறியா?"

பஸ்ஸே சிரித்தது. விஜயன் பலகையின் மறைவில் முகத்தை வைத்துக்கொண்டான். பிரபாவதிக்கு மறைத்துக்கொள்ள வழியில்லை. அவள் கையில் இருந்தது வெளிச்சம்.

ஒரு வழியாகத் தாலுகா ஆபீஸ் திருப்பத்தில் கயிற்றைக் குனிந்து தாண்டி மையத்துக்குள் ஓடினார்கள். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அலீஷா எட்டிப் பார்த்து, "சார், மெஷின் வந்துடுச்சு, அணைஞ்சுகினு இருக்குது," என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

மைய அலுவலர் நாகேந்திரன் அப்போதுதான் ஒரு கூட்டத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் கணினியில் எதையோ ஒரு முறை அமுக்கிவிட்டு எழுந்து வந்தார். அவர் முகப்பு மேசைக்கு வந்து சேர்வதற்குள் பிரபாவதியின் கையிலிருந்த திரை இருண்டது.

"பாருங்க," என்றார் நாகேந்திரன், திருப்தியுடன். "சுத்தமா அணையுது. ஒரு குறையும் இல்ல."

"சார், நீங்க உள்ள எதையோ அமுக்கினீங்க. அதனாலதான் அணைஞ்சுது," என்றாள் பிரபாவதி.

"அமுக்கறது என் வேலைம்மா. அணையறது அதோட வேலை. ரெண்டையும் ஏன் குழப்பிக்கிறீங்க?"

அலீஷா எழுதினாள்: 'வந்தபோது கருவி நல்ல முறையில் அணைந்தது. நெற்றியில் குங்குமம் இருந்தது.'

அந்த வாரத்திலேயே இரண்டாவது மீறல் பதிவானது. இரண்டாவது மீறலுக்குப் பிறகு அலுவலர் வீட்டுக்கு வந்து குடும்பத்தின் நிலையை நேரில் பார்ப்பார். நாகேந்திரன் ஒரு மாலை வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். விஜயன் அடுப்பில் காபிக்குப் பால் வைத்தான். பிறகு அலுவலர் பார்க்கிறார் என்று உணர்ந்து வெளியே வந்து, "பிரபா, காபி," என்று சத்தமாகச் சொன்னான். பிரபாவதி ஒரு விண்ணப்பத்தின் நடுவில் எழுந்து போய் அவன் வைத்த பாலில் அவன் போட்டிருந்த டிகாக்‌ஷனை ஊற்றிக் கொண்டுவந்தாள்.

"உங்க மேல கோவம் இல்லம்மா," என்றார் நாகேந்திரன், காபியை ஆற்றிக்கொண்டே. "மையம் கோவப்படாது. மையம் வருத்தப்படும். ஒரு வீட்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மெஷின் ஓடுதுன்னா அந்த வீட்ல அடுப்பு எரியலன்னு அர்த்தம். குழந்தைகளுக்குக் கதை சொல்ல ஆள் இல்லன்னு அர்த்தம்."

"எங்களுக்குக் கொழந்தைங்க இல்லீங்க சார்."

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் இல்லையா?"

பிரபாவதி தம்ளரை வாங்கிக்கொண்டாள். நாகேந்திரன் விஜயன் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, ஆம்பளைக்கு ஆம்பளை என்பது போலக் கேட்டார்.

"மறைக்காம சொல்லுங்க. ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்குக் கெடைக்குது?"

சமைப்பது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். கதவு திறந்திருந்தது. எதிர் வாசலில் தேசப்பன் பல்லைக் குத்திக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் லேட்டாவுது சார்," என்றான் விஜயன்.

உள்ளே கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரைப் பிரபாவதி போய் இறக்கிவைத்தாள்.

ஆறு மணி ஆனது. நாகேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைக்க, அவள் கணினியை அணைக்கச் சொன்னாள். 'அலுவலரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று திரை சொன்னது. அலுவலர் அதன் எதிரில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"சார், உங்க ஒப்புதலுக்குத்தான் நிக்குது. நீங்கதான் இங்கயே இருக்கீங்களே."

"நான் இருக்கேம்மா. என் சீட்டு இங்க இல்லையே. ஒப்புதல் சீட்ல இருந்துதான் குடுக்க முடியும்."

"அப்ப தினமும் ஆறு மணிக்கு நீங்க சீட்ல..."

"எப்படிம்மா முடியும்? அஞ்சரைக்கு நான் அரக்கோணம் வண்டியப் புடிச்சாகணும். ஆறு மணிக்கு நான் சீட்ல இருந்தா என் குடும்ப நேரம் என்னாகறது? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

அவர் மேலும் ஒரு காபி குடித்தார். வட்டம் சுற்றுவதைப் பொறுமையாகப் பார்த்தார். ஏழு மணிக்கு எழுந்து, தன் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான ஆதாரத்துடன் ஒரு குடும்ப நேர மீறலைக் கண்டதில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். ஆனாலும் இரக்கப்பட்டு அதை மூன்றாவது மீறலாகப் போடாமல், இரண்டாவதின் தொடர்ச்சியாகப் போட்டார். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி, பாத்துக்கங்க," என்று வாசலில் நின்று சொன்னது தெருவுக்கே கேட்டது.

இன்னும் ஒன்று ஆனால் கணினி போய்விடும். கணினி போனால் வேலை இல்லை. 

அந்த வட்டாரத்தில் மையம் கொடுத்த எல்லாக் கணினிகளும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துச் சந்துக் கெங்கம்மாள் ஆறு மணி ஆனதும் கணினி மேல் பழைய புடவையைப் போர்த்தி ஜன்னலைச் சாத்திவிடுவாள். இன்னொரு வீட்டில் அதைப் பீரோவுக்குள் வைத்து ஓடவிட்டார்கள். மூன்று மீறலையும் முடித்தவர்கள் கணினியைச் சத்தமில்லாமல் ஒப்படைத்துவிட்டு, கண் வலி என்று சொல்லிக்கொண்டார்கள். திருத்தணியில் அந்த ஆண்டு நிறையப் பெண்களுக்குக் கண் வலி.

அடுத்த நாள் மாலை பிரபாவதி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். போகும்போதே ஆறு ஆகிவிட்டதால் அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். வட்டம் சுற்றியது. விஜயன் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். தேசப்பன் வேலை முடிந்து வந்தான்.

"இன்னா விஜயா, உன் மெஷினு இன்னும் ஓடிகினு இருக்குது? உன் வேலைன்னு சொன்ன. ஆபீஸர் வந்து உன் பொண்டாட்டியத் திட்டிட்டுப் போறாரு. யாருதுபா அது?"

"என்துதான். போ, உன் வேலையப் பாரு."

"அப்ப அணைச்சிக் காட்டு பாக்கலாம்."

விஜயன் கீரையை முறத்தில் போட்டான். உள்ளே போனான். ஒயரைச் சுவரிலிருந்தும் யூபிஎஸ்ஸிலிருந்தும் சேர்த்துப் பிடுங்கினான். திரை இருண்டது. வெளியே வந்து மறுபடி கீரையை எடுத்தான்.

"ஆங், அது!" என்று தேசப்பன் பாராட்டினான்.

காலையில் கணினி உடனே எழுந்திருக்கவில்லை. அது எழுந்தபோது முந்தின நாள் முழுக்க அவள் அடித்தவை இல்லை. பத்து மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஒயரைப் பிடுங்குவதற்கு மையத்தில் ஒரு பெயர் இருந்தது. கட்டாய அணைப்பு. அது மீறல் அல்ல, குற்றம். விசாரணைக்கு வர வேண்டும்.

"நீ புடுங்கினியா பாவா?" என்று கேட்டாள் பிரபாவதி.

"கரென்ட்டு போச்சு."

"கரென்ட்டு போனா யூபிஎஸ்ஸுல ஓடியிருக்குமே."

விஜயன் கீரைத் தண்டுகளைப் பெருக்கினான். அவள் மேலே கேட்கவில்லை. விசாரணையில் அவன் சொல்லிவிடுவான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

விசாரணை மையத்தின் கூடத்தில் நடந்தது. மற்றவர்கள் பாடம் கற்றுக்கொள்வதற்காக வட்டாரத்தின் எல்லா இல்லப் பணியாளர்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். பெண்கள் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மேசை மேல் பிரபாவதியின் கணினி. அதன் குங்குமம் இன்னும் முழுதாக அழியவில்லை. அதன் ஒரு பக்கம் பிரபாவதியும் மறு பக்கம் விஜயனும் நின்றார்கள்.

நாகேந்திரன் மைக்கை ஊதிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"சகோதரிகளே. இந்த மையத்துல பன்னெண்டு கம்ப்யூட்டர் இருக்கு. திறப்பு விழா அன்னைக்கு ஆன் பண்ணினோம். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு கூட லேட்டா அணைஞ்சது கெடையாது. ஏன்? கட்டுப்பாடு. அலீஷா, சொல்லும்மா, ஒரு தடவையாவது லேட்டா அணைஞ்சிருக்கா?"

"இல்ல சார். நம்ம அதையெல்லாம் அணைக்கறதே இல்ல சார்."

"கேட்டீங்களா? அப்படி ஒரு கட்டுப்பாடு." அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "மெஷின் லேட்டா அணையுதுன்னு இவங்க ஒரு புகார் சொல்றாங்க. நான் திறந்த மனசோட இருக்கறவன். இங்க இருக்கற வேற யாருக்காவது அந்தப் பிரச்சினை உண்டா? தைரியமா கை தூக்குங்க."

பிரபாவதி திரும்பிப் பார்த்தாள். கெங்கம்மாள் தன் வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். புதிதாகப் போட்ட தரை. பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

"ஒருத்தர் கூட இல்ல," என்றார் நாகேந்திரன். "சரி. ஒயரைப் புடுங்கினது யாரு?"

 விஜயன் வாயைத் திறந்தான். இத்தனை பெண்களுக்கு முன்னால், வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற ஒரு ஆள், எதிர் வீட்டுக்காரன் சொன்னான் என்று, மனைவி சம்பாதிக்கிற மெஷினின் ஒயரைப் பிடுங்கினேன் என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் நீளமாக இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று அவன் தேடிக்கொண்டிருந்தபோது நாகேந்திரன் உதவிக்கு வந்தார்.

"கோவத்துல லேடீஸ் இப்படிச் செஞ்சிடறது உண்டு. நாங்க புரிஞ்சிக்குவோம். அப்படித்தானே, சார்?"

விஜயனை அந்த மையத்தில் நேரில் யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அவன் தலையாட்டினான். சின்ன ஆட்டம்தான். கடைசி வரிசைக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் நின்றவளுக்குத் தெரிந்தது.

நாகேந்திரன் அவள் பக்கம் மைக்கை நீட்டினார். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கணினியின் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆங்," என்றாள் பிரபாவதி. "நான்தான்."

தீர்ப்பு உடனே சொல்லப்பட்டது. பிரபாவதி பணியிலிருந்து நீக்கப்படுகிறாள். ஆனால் மையம் குடும்பத்தை நேசிக்கிற அமைப்பு. ஒருவர் தவறுக்குக் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது. ஆகவே அதே கணினி, அதே பணி, பொறுப்புள்ள குடும்பத் தலைவரான விஜயனிடம் ஒப்படைக்கப்படுகிறது. பெண்கள் கை தட்டினார்கள். அலீஷா பணி மாற்ற அட்டையை விஜயன் கழுத்தில் மாட்டினாள்.

தெருவுக்குச் சொல்லி வந்தது உண்மையாகிவிட்டது.

அன்றிலிருந்து பிரபாவதி அவனைப் பாவா என்று கூப்பிடவில்லை. 'ஏங்க' என்றாள், 'வாங்க, போங்க' என்றாள். தெருவில் மற்ற பெண்கள் தங்கள் கணவர்களைக் கூப்பிடுவது போலத்தான். கேட்டவர்களுக்கு மரியாதை கூடியிருப்பதாகத் தோன்றியது. ஒரு வாரத்துக்குள் ஆர்.கே.பேட்டையில் ஒரு விசைத்தறி முதலாளியின் ஆபீஸில் பில் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் டவுன் பஸ்ஸில் போவாள். விளக்கு வைத்த பிறகு வருவாள்.

விஜயனுக்குத் தட்டச்சு தெரியாது. முதல் நாள் ஒரு தறிக்காரரின் பெயரை அடிக்கவே அரை மணி ஆயிற்று. முகவரிக்கு வருவதற்குள் அடுப்பில் சோறு தீய்ந்தது. மனைவியிடம் கேட்கலாம். கேட்க வாய் வரவில்லை. இரண்டாம் நாள் கணினியை ஆன் பண்ணிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் ஆன் பண்ணவில்லை. அதன் பிறகும் ஆன் பண்ணவில்லை. ஆன் பண்ணாத கணினி ஆறு மணிக்கு அணைந்தே இருந்தது. அதற்கு யார் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

மூன்று மாதம் கழித்து அலீஷா போன் செய்தாள்.

"சார், இந்த மூணு மாசத்துல வட்டாரத்துலயே ஒரு மீறல் கூட இல்லாத மெஷின் உங்களதுதான். சிறந்த இல்லப் பணியாளர் நீங்கதான். வெள்ளிக்கிழமை விழா. வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"நான் வேலையே செய்யலியேம்மா. ஒரு விண்ணப்பம் கூட அனுப்பல."

"அதுக்கு வேற பிரிவு, சார். அவங்க கேக்கல."

விழாவுக்கு அதே கூடம், அதே நாற்காலிகள். நாகேந்திரன் சால்வை போர்த்தினார். ஒரு ஆண் மனது வைத்தால் ஒரு இயந்திரத்தை எப்படி வழிக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு இவர் உதாரணம் என்றார். பெண்கள் இவரிடம் நேர ஒழுங்கைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மைக்கை விஜயன் கையில் கொடுத்தார்.

விஜயனுக்கு வியர்த்தது. சால்வை கனமான சால்வை. கெங்கம்மாள் முன் வரிசையில் இருந்தாள். இந்த முறை அவள் வளையலைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

"அந்த ஒயரப் புடுங்கினது நான்தாங்க," என்றான்.

மைக்கை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டான்.

"என் பொண்டாட்டி அப்ப வீட்லயே இல்ல. ரேஷன் கடைக்குப் போயிருந்தாங்க. அன்னிக்கு இங்க நின்னு நான் பொய்யா தலையாட்டினேன். எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. மெஷின நான் ஆன் பண்றதே இல்ல. அதனாலதான் அது லேட்டா அணையறதில்ல. சமைக்கறதும் எங்க வீட்ல எப்பவும் நான்தான். அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. அந்த வேல அவங்களுது."

சொல்லி முடித்தான். பல மாதங்களில் முதல் முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

நாகேந்திரன் மெதுவாக எழுந்தார். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கை அவன் கையிலிருந்து பக்குவமாக வாங்கினார்.

"பாத்தீங்களா, சகோதரிகளே? மனைவி செஞ்ச தப்பைத் தன் தலைல போட்டுக்கறாரு. விருது வாங்கற மேடையில! அவங்களுக்கு ஒரு கெட்ட பேர் வரக் கூடாதுன்னு, சமைக்கறதுகூட நான்தான்னு சொல்றாரு. இதுதாங்க குடும்பத் தலைவர். இதைத்தாங்க மையம் இத்தனை நாளா தேடிகினு இருந்தது."

கைதட்டல் வெகு நேரம் நீடித்தது. "இல்லீங்க, நெசமா நான்தான்," என்று விஜயன் சொன்னது மைக் இல்லாததால் கேட்கவில்லை. உதட்டசைவைப் பார்த்தவர்கள் அவன் நன்றி சொல்வதாக நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். கெங்கம்மாள் தட்டவில்லை. அலீஷா, 'உருக்கமான ஏற்புரை' என்று எழுதிக்கொண்டாள்.

பிரபாவதி வந்தபோது விஜயன் சோறு வடித்துவைத்துவிட்டுக் காத்திருந்தான். அவள் கை கால் கழுவிக்கொண்டு வந்து, கொடியில் கிடந்த சால்வையைப் பார்த்தாள்.

"இது இன்னாங்க?"

"மையத்துல குடுத்தாங்க." அவன் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தான். "பிரபா, இன்னிக்கு மைக்குல சொல்லிட்டேன். ஒயரப் புடுங்கினது நான்தான்னு. எல்லார் எதிர்லயும். உன் மேல தப்பில்லன்னு."

அவள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள்.

"அப்புறம்?"

"கை தட்டினாங்க."

"யாருக்கு?"

விஜயன் கொடியில் கிடந்த சால்வையைப் பார்த்தான். அவள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.